டெல்டாவில் சிறு நிலத்துக்கு டிராக்டர் தெளிப்பான்: குறைந்த செலவில் சரியானதை வாங்குவது எப்படி?

டிராக்டரில் மாட்டும் தெளிப்பான் வாங்கக் கடைக்குப் போனால் பேச்சு உடனே டேங்க் எத்தனை லிட்டர், பூம் (நாசில் எனும் தெளிப்பு முனைகளை வரிசையாகப் பொருத்திய நீளச் சட்டம்) எத்தனை அடி என்றுதான் தொடங்கும். காவிரி டெல்டாவில் மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் அதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். மருந்து அடிக்கிற நாளில் டிராக்டர் எங்கே நிற்கப் போகிறது? வயலுக்குள்ளா, ரோட்டிலா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வாங்க வேண்டிய சாமானில் பாதி முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கினால் அகலமான பூம் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் துருப்பிடிக்கும்.

டிராக்டர் உங்களிடமோ கூட்டுக் குடும்பத்திலோ இல்லையென்றால் இந்த வகையே வேண்டாம். மருந்து அடிக்க வேண்டிய காலையில் பக்கத்து வீட்டு டிராக்டர் வேறு வேலைக்குப் போயிருக்கும். அதற்குப் பதில் பெட்ரோல் இன்ஜின் வைத்த எச்டிபி பம்பே (மூன்று பிஸ்டன் உள்ள தெளிப்புப் பம்பு) போதும். கீழே ஓஸ், கன் (கையில் பிடித்து மருந்து பீய்ச்சும் துப்பாக்கி), பம்பு பற்றிச் சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

பயிரை வைத்து வகையை முடிவு செய்யுங்கள்

குறுவை, சம்பா, தாளடி எதுவானாலும் நட்ட வயலில் டிராக்டர் இறங்காது. சேற்றில் சக்கரம் புதையும், இறங்கிய தடத்தில் பயிர் போய்விடும். ஆகவே நெல்லுக்கு டிராக்டர் தெளிப்பான் என்றால், டிராக்டரை ரோட்டிலோ வாய்க்கால் கரையிலோ நிறுத்தி, பிடிஓவில் (டிராக்டரின் பின்னால் இன்ஜின் சுழற்றும் தண்டு) பம்பை ஓட்டி, நீளமான ஓஸில் ஆள் உள்ளே போய் அடிப்பதுதான். வாழைக்கும் தென்னைக்கும் இதே முறைதான்.

பூம் கட்டி வயலுக்குள் ஓட்டும் வேலை தை கழிந்த பிறகுதான் வரும். நன்னிலம், குடவாசல் பக்கம் நெல்லுக்குப் பின் போடும் பருத்தி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்து நிலக்கடலை, மக்காச்சோளம், பார் அகலமாக வைத்த இளங்கரும்பு ஆகியவற்றுக்கு பூம் உதவும். நெல் தரிசு உளுந்துக்கு உதவாது. அது அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நின்ற பயிரிலேயே விதைத்தது. வரிசை இல்லை, சக்கரத்துக்கு வழியும் இல்லை. அதற்கும் ஓஸ்தான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் டெல்டாவின் சிறு விவசாயிக்கு என் யோசனை ஒன்றுதான். நல்ல பிடிஓ பம்பும் 100 மீட்டர் ஓஸும் முதலில் வாங்குங்கள். பூமைப் பிறகு சேர்க்கலாம். பருத்தியோ கடலையோ ஒரே தாக்கில் (வயல் துண்டில்) இரண்டு ஏக்கருக்கு மேல் ஆண்டுதோறும் போடுகிறவர் மட்டும் முதல் நாளிலேயே பூமைப் பற்றி யோசிக்கலாம்.

பம்பு: பணத்தை இங்கே போடுங்கள்

கடைகளில் எச்டிபி என்று சொல்வது படுக்கை வாட்டத்தில் மூன்று பிஸ்டன் உள்ள பம்பு. பெயர்ப்பலகையில் மூன்று எண்கள் இருக்கும்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், அதிகபட்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ, எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓட வேண்டும். சிறு நிலத்துக்கு நிமிடத்துக்கு 30 முதல் 36 லிட்டர் தருகிற பம்பு தாராளம்.

பம்பை ஓட்ட பெரிய டிராக்டர் வேண்டுமோ என்று கவலைப்பட வேண்டாம். 36 லிட்டரை 30 கிலோ அழுத்தத்தில் தள்ள, உராய்வு இழப்பையும் சேர்த்தால் மூன்று எச்பிக்குள்தான் செலவாகும். 20 எச்பி மினி டிராக்டருக்கு இது ஒரு பாரமே இல்லை. டிராக்டரின் பலம் டேங்கைத் தூக்குவதற்குத்தான் தேவை. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆர்பிஎம் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிடிஓ 540-இல் சுற்றும், பல எச்டிபி பம்புகள் அதைவிட வேகமாகச் சுற்ற வேண்டியவை. நடுவில் பெல்ட்டும் புல்லியும் அந்த வேகத்தைக் கூட்டும். பம்புக்கு 900 வேண்டும், அதன் புல்லி 9 அங்குலம் என்றால் பிடிஓ பக்கத்துப் புல்லி 15 அங்குலம் இருக்க வேண்டும்: 540-ஐ 15-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 900 வரும். பட்டறையில் கையில் கிடைத்த புல்லியைப் போட்டுக் கொடுத்தால், ஒன்று அழுத்தம் ஏறாது, அல்லது பம்பு அதிகமாகச் சுற்றி வாஷர் ஒரே பருவத்தில் தேய்ந்துவிடும். டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். 540-இல் நேரடியாக மாட்டும்படி செய்த பம்பு கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை, பெல்ட் செலவும் இல்லை.

இன்னொன்று. உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்காமல் பம்பு வாங்காதீர்கள். வாஷர், வால்வு, ஆயில் சீல் மூன்றும் தேயும் சாமான்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று உங்களுக்குப் பக்கத்து ஊர்க் கடையில் அவை இருப்பில் உண்டா என்று நேரில் பாருங்கள். நெல்லில் புகையான் பூச்சி ஏறிக்கொண்டிருக்கும்போது கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வரட்டும் என்று நான்கு நாள் காத்திருக்க முடியாது.

டேங்க்: டிராக்டர் தூக்குமா, தண்ணீர் எங்கிருந்து வரும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 400 லிட்டர் டேங்க், இரும்புச் சட்டம், பம்பு எல்லாம் சேர்ந்தால் 550 கிலோவை நெருங்கும். மினி டிராக்டர்கள் பலவற்றின் தூக்குதிறன் 750 கிலோ என்று கையேட்டில் இருக்கும், ஆனால் அது டிராக்டரின் பின்னால் சாமானைத் தூக்கும் கீழ்க்கைகளின் நுனியில் அளந்தது. டேங்கின் எடை அதற்கும் பின்னால் தள்ளி நிற்பதால் அவ்வளவு தூக்காது. தூக்கினாலும் முன்சக்கரம் லேசாகி, வாய்க்கால் கரை ஏறும்போது ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் நிற்க வேண்டும். அதனால் மினி டிராக்டருக்கு 200 முதல் 300 லிட்டர், 35 எச்பிக்கு மேல் உள்ள டிராக்டருக்கு 400 லிட்டர். மினியில் சட்டத்தை மாட்டும் பின்னின் (இரும்பு முளை) அளவும் சின்னது, கைகளுக்கு நடுவில் உள்ள அகலமும் குறைவு. சட்டத்தை வாங்குமுன் உங்கள் டிராக்டரின் பின்னை அளந்துகொண்டு போங்கள்.

இனி தண்ணீர். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வயலோரம் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். நெல்லுக்கு மட்டும் அடிக்கிறவருக்கு டேங்கே வேண்டாம்: பம்பைச் சட்டத்தில் மாட்டி, கரையில் இரண்டு 200 லிட்டர் டிரம் வைத்து, ஒன்றில் கலக்க ஒன்றிலிருந்து உறிஞ்சலாம். டேங்க் செலவு இப்படியே மிச்சமாகும். ஆனால் பருத்தியும் கடலையும் நிற்கிற மாசி, பங்குனியில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். தண்ணீரைப் போர்செட்டிலிருந்து சுமந்துதான் போக வேண்டும். டேங்க் தேவைப்படுவது அப்போதுதான்.

வாய்க்கால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் முந்தின நாளே டிரம்மில் பிடித்துத் தெளிய விடுங்கள். மண் நாசிலை அடைக்கும், பிஸ்டன் வாஷரைத் தேய்க்கும், சில களைக்கொல்லிகளை அந்தக் களிமண்ணே பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்ய விடாது. உறிஞ்சும் குழாயின் நுனியில் 50 கண் (அங்குலத்துக்கு 50 துளை) வலை உள்ள வடிகட்டி கட்டாயம். இரண்டு சதவீத டிஏபி கரைசல் அடிக்கிறவர்கள் உரத்தை முந்தின இரவே ஊறவைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடித்து ஊற்ற வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் நான்கு கிலோ டிஏபி.

ஓஸும் கன்னும்

ரோட்டில் டிராக்டர் நிற்கும் இடத்திலிருந்து கடைசி வரப்பு வரை நடந்து அளந்துவிட்டு ஓஸ் வாங்குங்கள். நம் பக்கத்து ஒரு மா தாக்கு 33 சென்ட். சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 36 மீட்டர் வரும். 100 மீட்டர் ஓஸ் ரோட்டோரத்திலிருந்து இரண்டு தாக்கைத் தாண்டி மூன்றாவதில் பெரும்பகுதி வரை எட்டும். அதற்கு மேல் நீட்டினால் அழுத்தம் குறையும், இழுக்கிற ஆளுக்கும் கை விட்டுப் போகும். கூடுதல் தூரத்துக்கு உள்விட்டம் பெரிய ஓஸ் நல்லது. 8.5 மில்லி ஓஸைவிட 10 மில்லி ஓஸில் அழுத்த இழப்பு நன்றாகக் குறையும், எடையும் விலையும் கூடும். சுற்றி வைக்க ரீல் ஒன்று இருந்தால் ஓஸின் ஆயுள் கூடும். வரப்பில் மடங்கிக் கிடக்கும் ஓஸ் மடிப்பில்தான் வெடிக்கிறது.

கன் ஒன்றே எல்லாவற்றுக்கும் என்று விடாதீர்கள். தென்னைக்குத் தூரம் பீய்ச்சும் கன் வேண்டும். நெல்லுக்கும் உளுந்துக்கும் இரண்டு மூன்று நாசில் வைத்த நீளக் கம்பி வேண்டும். பீய்ச்சும் கன்னால் நெல்லுக்கு அடித்தால் ஏக்கருக்கு 300 லிட்டர் தாண்டும், பாதி தண்ணீரில் விழும். புகையான் தூரின் அடியில் உட்கார்ந்திருக்கும் பூச்சி. வயல் தண்ணீரை வடித்துவிட்டு, எட்டடிக்கு ஓரடி விட்ட பட்டத்தில் நடந்து, கம்பியைத் தாழ்த்தித் தூரில் படும்படி அடித்தால்தான் மருந்து போய்ச் சேரும். நடவின்போதே பட்டம் விடாத வயலில் எவ்வளவு விலை கொடுத்த தெளிப்பானும் புகையானைப் பிடிக்காது. ஓஸைப் பயிர் மேல் இழுக்காமல் தூக்கிக் கொடுக்க வரப்பில் இன்னொரு ஆள் வேண்டும். அந்தக் கூலியையும் கணக்கில் வையுங்கள்.

பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னைக்காரர்களுக்கு இந்தப் பம்பு மருந்தே இல்லாமலும் பயன்படும். சுருள் வெள்ளை ஈக்கு ஓலையின் அடிப்புறத்தில் வெறும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதே வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறைகளில் ஒன்று. பூச்சிக்கொல்லி அடித்தால் அந்த ஈயைத் தின்று அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்துவிடும். ஓலையில் படரும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் காய்ச்சிக் கரைத்து அடிக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் திரும்ப வைத்த கன்றுகள் கன்னுக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன. நெட்டை மரத்துக்குத் தரையிலிருந்து அடிப்பது வீண். நீட்டுக் கம்பி வாங்கினால்தான் உண்டு.

பூம் வாங்குகிறவர்களுக்கு

ஒரு மா தாக்கில் ஆறு மீட்டருக்கு மேல் அகலமான பூம் வேண்டாம். திரும்ப இடம் இருக்காது, வரப்பில் இடித்து வளையும், எட்டடி வாய்க்கால் கரையில் மடித்துக் கொண்டுபோவதே பாடு. ஆறு மீட்டர் பூமில் அரை மீட்டருக்கு ஒன்றாக 12 நாசில் வரும். பூமின் உயரம் பயிரின் தலையிலிருந்து அரை மீட்டர்.

நாசிலின் நிறமே அதன் அளவைச் சொல்லும், உலகம் முழுக்க ஒரே விதி. 3 கிலோ அழுத்தத்தில் மஞ்சள் நாசில் நிமிடத்துக்கு 0.8 லிட்டர், நீலம் 1.2, சிவப்பு 1.6. டிராக்டர் மணிக்கு 4 கிலோமீட்டரில், அதாவது 50 மீட்டரை 45 நொடியில் கடந்தால், ஆறு மீட்டர் பூமால் ஒரு ஏக்கர் முடிக்கத் திருப்பம் போக பத்து நிமிடம் ஆகும். மஞ்சள் போட்டால் ஏக்கருக்கு சுமார் 97 லிட்டர், நீலத்தில் 145, சிவப்பில் 194. களைக்கொல்லிக்குத் தட்டை விசிறி நாசில், பூச்சிக்கும் பூசணத்துக்கும் கூம்பு நாசில். பித்தளை நாசில் சீக்கிரம் தேயும். புது நாசிலைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகக் கொட்டினால் அதை மாற்றிவிடுங்கள்.

சிவப்பு 12 சேர்ந்து நிமிடத்துக்கு 19 லிட்டர் கேட்கும். டேங்கில் மருந்து அடியில் தங்காமல் கலக்கிக்கொண்டிருக்க, டேங்க் அளவில் ஐந்து சதவீதம் திரும்பி உள்ளே போக வேண்டும். 300 லிட்டர் டேங்குக்கு அது 15 லிட்டர். மொத்தம் 34. முன்னே சொன்ன 36 லிட்டர் பம்பு இதற்குச் சரியாக இருக்கும். 400 லிட்டர் டேங்கும் 12 நாசிலும் வைத்து 30 லிட்டர் பம்பு கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எச்டிபி பம்பின் அழுத்தமானி 60 கிலோ வரை காட்டும். பூமுக்கு வேண்டியதோ 3 கிலோ. அந்த மானியில் முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. பூமுக்கென்று 10 கிலோ வரை காட்டும் சிறிய மானி ஒன்றைத் தனியாகக் கேட்டுப் பொருத்துங்கள். சின்னச் செலவுதான். இது இல்லாமல் மேலே சொன்ன லிட்டர் கணக்கு எதுவும் நிற்காது. குறைவாக விழுகிறதே என்று அழுத்தத்தை ஏற்றிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். இரண்டு மடங்கு தண்ணீருக்கு நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும், துளி புகையாகிப் பக்கத்து வயலுக்குப் போகும். நாசிலை மாற்றுவதுதான் வழி.

நெல்லுக்கு 2,4-டி, பின்னால் பருத்தி

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். நெல்லில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடித்த அதே டேங்க், அதே ஓஸ். மூன்று மாதம் கழித்து அதில் பருத்திக்குப் பூச்சிமருந்து. சில நாளில் பருத்தியின் கொழுந்து இலை சுருங்கி, நரம்பு தடித்து, விரல் விரலாகப் பிரிந்து நிற்கும். வைரஸ் என்று நினைத்து இன்னொரு மருந்து வாங்கி அடிப்பார்கள். காரணம், ரப்பரிலும் வாஷரிலும் ஒட்டியிருந்த களைக்கொல்லி. பருத்தி 2,4-டிக்கு அவ்வளவு கூச்சப்படும் பயிர். வெறும் தண்ணீர்க் கழுவல் இதற்குப் போதாது. களைக்கொல்லிக்கென்று ஒரு டிரம், ஓஸ், கம்பி தனியாக வைத்து, மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். பம்பைப் பொதுவாக வைக்க வேண்டியிருந்தால் அம்மோனியா கலந்த தண்ணீரை ஓட்டி, ஓர் இரவு உள்ளேயே நிற்கவைத்து, மறுநாள் மூன்று முறை நல்ல தண்ணீரால் அலசுங்கள். ஆண்டுதோறும் பருத்தி போடுகிறவர் 2,4-டியை இந்தத் தெளிப்பானின் பக்கமே கொண்டுவராமல், கைத்தெளிப்பானோடு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது.

விலையும் மானியமும்

விலை கடைக்குக் கடை மாறும். மூன்று இடத்தில் எழுத்தில் விலைப்பட்டியல் வாங்குங்கள், பம்பு, சட்டம், டேங்க், ஓஸ், கன் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை போடச் சொல்லி. மொத்தமாக ஒரு தொகை சொல்கிற இடத்தில்தான் மட்டமான ஓஸ் உள்ளே நுழையும்.

கட்டுப்படியாகுமா என்று பார்க்க ஒரு கணக்கு. எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் ஆகிறது, ஏழு ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,570. ஐந்து ஏக்கருக்கு ஆண்டில் ஆறு முறை அடித்தால் 30 ஏக்கர் வேலை. ஏக்கருக்கு 286 ரூபாய் சாமானுக்கே போகிறது, அதன் மேல் டீசலும் இரண்டு ஆள் கூலியும். உங்கள் ஊரில் ஆட்கள் டேங்குக்கு இவ்வளவு என்று வாங்குவதோடும், ஏக்கருக்கு ட்ரோன் கேட்கும் வாடகையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு ஏக்கர் நெல் மட்டும் என்றால் பெரும்பாலும் வாடகையே மலிவு. அண்ணன் தம்பி நாலு பேர் சேர்ந்து வாங்கினால் கணக்கு சட்டென்று மாறிவிடும்.

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு, இரண்டுக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள், அல்லது உழவன் செயலியில் பதியுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று, டிராக்டரின் ஆர்சி ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் வாங்க வேண்டும். வாங்கிவிட்டு பில்லோடு போய் நின்றால் மானியம் கிடைக்காது. அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாதிரி உங்களுக்குப் பொருந்தாததாக இருந்தால், மானியத்துக்காக அதைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டாம்.

கடையில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

உங்கள் டிராக்டரையே ஓட்டிக்கொண்டு போய், மாட்டி, தண்ணீர் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். கன்னைத் திறந்து ஒரு நிமிடம் வாளியில் பிடியுங்கள், திரும்பி டேங்குக்குள் போவதையும் இன்னொரு வாளியில் பிடியுங்கள். இரண்டும் சேர்ந்து பெயர்ப்பலகை எண்ணுக்கு அருகில் வர வேண்டும். பிறகு கன்னைச் சட்டென்று மூடுங்கள். முள் கொஞ்சம் ஏறி நின்றுவிட வேண்டும். ஏறிக்கொண்டே போனால் ரிலீஃப் வால்வு வேலை செய்யவில்லை, ஓஸ் வெடிக்கும். முள் இடைவிடாமல் துடித்தால் ஒரு வால்வு போயிருக்கலாம், அல்லது காற்று உள்ளே இழுக்கிறது.

பழைய பம்பு என்றால் ஆயில் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. அப்படிப்பட்டது எந்த விலைக்கும் வேண்டாம்.

முதல் நாள் வேலை

பிடிஓ தண்டுக்கு மேல் உறை இல்லாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். 540 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. தொங்கும் துண்டு, அவிழ்ந்த வேட்டி நுனி, சேலைத் தலைப்பு எது பட்டாலும் கையை எடுப்பதற்குள் ஆளையே இழுத்துவிடும். பெல்ட்டுக்கும் கம்பிவலை வைத்து மூடுங்கள். பம்பின் பக்கம் நிற்கிற ஆள் கால்சட்டை போட்டிருக்கட்டும், துண்டைக் கழற்றி வைத்துவிடட்டும். ஓஸில் ஒழுகல் எங்கே என்று ஓடும்போது கையால் தடவிப் பார்க்கக் கூடாது. 30 கிலோ அழுத்தத்தில் ஊசி போல வருகிற மருந்துத் தண்ணீர் தோலைத் துளைத்துவிடும்.

முதல் ஓட்டம் வெறும் தண்ணீரோடு இருக்கட்டும். அளந்து ஊற்றி, உங்கள் ஆள் உங்கள் வேகத்தில் ஒரு மா அடித்து முடித்ததும் எத்தனை லிட்டர் போயிருக்கிறது என்று பார்த்து மூன்றால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் ஏக்கர் அளவு. மருந்துப் புட்டியில் ஏக்கருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ அதை இந்த அளவுத் தண்ணீரில் கலக்க வேண்டும். டேங்குக்கு இத்தனை மூடி என்ற பழைய கைத்தெளிப்பான் கணக்கு இங்கே செல்லாது.

காலை வெயில் ஏறுமுன், இலை அசையும் அளவுக் காற்றில், காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று அடியுங்கள். கையுறையும் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போடாமல் யாரையும் கன் பிடிக்க விடாதீர்கள். முடிந்ததும் அலசிய தண்ணீரை வாய்க்காலில் விடக் கூடாது. கீழ்மடையில் வாத்து மேயும், மாடு குடிக்கும், குளத்தில் மீன் இருக்கும். இப்போது அடித்த வயலிலேயே ஓரமாக அடித்துத் தீர்த்துவிட்டு, பம்பில் தண்ணீர் தங்காமல் வடித்து, வடிகட்டியைக் கழற்றித் துடைத்து, ஓஸை நிழலில் சுற்றி வையுங்கள்.